விரலே சாவி: மருத்துவமனைக் கணினிகளுக்கு பயோமெட்ரிக் பூட்டு எந்த அளவுக்கு உதவும்?

இரவு மூன்று மணி. வார்டின் நடுவே செவிலியர் மேசையில் ஒரு கணினி. மாலையிலேயே டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்விட்ட மருத்துவரின் பெயரில் அது இன்னும் திறந்தே கிடக்கிறது. ஏழாம் படுக்கை நோயாளிக்குப் பொட்டாசியம் அளவு என்ன வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு செவிலியர் வருகிறார். தன் பெயரில் நுழைய வேண்டுமென்றால் முதலில் அந்த மருத்துவரை வெளியேற்ற வேண்டும், பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும், திரை வரும்வரை நிற்க வேண்டும். பக்கத்து அறையில் அழைப்பு மணி அடிக்கிறது. திறந்திருக்கும் திரையிலேயே பார்த்துவிட்டு ஓடுகிறார். பத்து நிமிடம் கழித்து ஒரு பயிற்சி மருத்துவர் வந்து, அதே திரையில் ஒரு மருந்தின் அளவை மாற்றுகிறார். மறுநாள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், இவர்கள் செய்த வேலையெல்லாம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரின் பெயரில் இருக்கும்.

இது எங்கோ ஒரு மூலையில் நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் மருத்துவப் பணியாளர்கள் 299 பேரிடம் கேட்டார்கள். அவர்களில் 73.6 விழுக்காட்டினர், வேறொருவரின் கடவுச்சொல்லைக் கொண்டு நோயாளிகளின் பதிவுகளுக்குள் போயிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். பயிற்சி மருத்துவர்களில் ஒருவர்கூட விடுபடவில்லை, அத்தனை பேரும் அப்படிச் செய்தவர்கள்தான். செவிலியரில் பாதிக்கு மேல். 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வார்டுகளுக்குள் என்னதான் நடக்கிறது என்று விசாரித்து எழுதினார்கள். ஆள் நகர்ந்ததும் கணினி தானாகப் பூட்டிக்கொள்ளட்டும் என்று வைத்த சென்சார்களின் மேல் காபி குடிக்கும் தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வேறோர் இடத்தில், யாருடைய கணினியும் பூட்டிக்கொள்ளாதபடி எல்லா விசைப்பலகைகளிலும் அவ்வப்போது ஒரு பொத்தானைத் தட்டிவிடும் வேலையைக் குழுவிலேயே இளையவரிடம் கொடுத்திருந்தார்கள்.

இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடவுச்சொல் என்பது ஒரே நாற்காலியில், ஒரே கணினியின் முன் காலையில் உட்கார்ந்து மாலையில் எழுந்து போகிறவருக்காக உருவான பூட்டு. ஒரு ஷிஃப்டில் பத்து கணினிகளுக்கு நடுவே ஓடுகிறவருக்கு, கையில் ஊசியோடு நிற்கிறவருக்கு, அது பொருந்தவே பொருந்தாது. நோயாளியா பூட்டா என்று வந்தால் அவர்கள் நோயாளியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதைத்தான் நாமும் விரும்புவோம்.

விரல், முகம், கருவிழி, உள்ளங்கை நரம்பு (ரத்த நாளம்) என்று உடம்பையே அடையாளமாக்கும் பயோமெட்ரிக் முறைகள் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். மனப்பாடம் செய்ய எதுவுமில்லை, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாது, "கொஞ்சம் உன் கார்டைக் கொடு" என்று இரவல் வாங்க முடியாது. ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். வேகமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரியாகவே இருந்துவரும் இடத்தில் இரண்டையும் சேர்த்துத் தருகிறேன் என்று ஒரு கருவி சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் பயோமெட்ரிக் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் வாங்கி மாட்டினால் மருத்துவமனை பழைய சிக்கலோடு புதிதாக ஒன்றையும் விலைக்கு வாங்கிக்கொள்ளும். என் கணிப்பில், திருடனை வெளியே நிறுத்துவதைவிட, உள்ளே வந்தவர் யார் என்று பொய்யில்லாமல் எழுதி வைப்பதில்தான் அதன் பெரிய பயன் இருக்கிறது.

கைரேகையின் தொடக்ககால வரலாற்றிலேயே இதைக் காணலாம். ஹென்றி ஃபால்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், டோக்கியோவில் சுகிஜி மருத்துவமனையை நிறுவி நடத்தியவர். கைரேகையைக் கொண்டு குற்றவாளிகளை அடையாளம் காணலாம் என்று 1880 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அதில் அவர் காட்டும் எடுத்துக்காட்டு சின்னது, ஆனால் அழகானது. ஸ்பிரிட்டை யாரோ எடுத்துக் குடித்திருக்கிறார்கள். பிசுக்குப் படிந்த விரல் தடயம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த ஆளின் ரேகைப் பிரதி ஏற்கெனவே ஃபால்ட்ஸிடம் இருந்ததால், இரண்டையும் ஒப்பிட்டு உறுதிசெய்ய முடிந்தது. முன்பே எடுத்து வைத்த ஒரு பிரதி, இப்போது கிடைத்த ஒரு தடயம், இரண்டுக்கும் ஒப்பீடு. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும், விரல் வைத்தால் திறக்கும் மருந்து அலமாரியில் இருக்கும் சிறிய கண்ணாடிச் சென்சார் செய்வது இதையேதான்.

ஒப்பீடு எப்படி நடக்கிறது?

முதல் நாள், பணியாளரின் விரலை மூன்று நான்கு முறை வைக்கச் சொல்வார்கள். ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது, அந்தப் புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதைக் கருவி எண்களாக மாற்றிக்கொள்ளும். இந்த எண் தொகுப்புக்குப் பெயர் டெம்ப்ளேட். கருவிழியானால் கணினி அறிவியலாளர் ஜான் டாக்மன் வகுத்த முறையில் 2,048 பிட் கொண்ட ஒரு குறியீடாக மாறும். ஒழுங்காகக் கட்டிய கருவி, ரேகையின் படத்தைச் சேமித்து வைக்காது. டெம்ப்ளேட்டை மட்டுமே வைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை விரல் வைக்கும்போது புதிதாக ஒரு டெம்ப்ளேட் உருவாகும். அது பழையதோடு அச்சு அசலாக ஒருபோதும் பொருந்தாது. விரல் சற்றுச் சாய்ந்திருக்கும், ஈரமாக இருக்கும், அழுத்தம் கூடக்குறைய இருக்கும். அதனால் கருவி கேட்கும் கேள்வி "இரண்டும் ஒன்றா?" என்பதன்று, "எவ்வளவு ஒத்திருக்கிறது?" என்பது. இந்த அளவுக்கு மேல் ஒத்திருந்தால் திற, கீழே இருந்தால் மறு என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். கடவுச்சொல்லுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கடவுச்சொல் சரி அல்லது தவறு. பயோமெட்ரிக் எப்போதும் ஒரு மதிப்பீடு.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தாழ்த்தினால் வேற்றாள் நுழைய வாய்ப்புக் கூடும். உயர்த்தினால் உரியவரையே "நீ யார்?" என்று கேட்டு வெளியே நிறுத்தும். வங்கியில் உரியவரை இரண்டு முறை திருப்பி அனுப்பினால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே இரண்டு முறைக்கு ஆகும் நேரத்துக்கு வேறு பொருள் உண்டு.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு முறைதான் வேற்றாளைத் தவறாக ஏற்கும் என்று ஒரு கருவியைப் பற்றிச் சொன்னால் நமக்கு நிம்மதியாக இருக்கும். பெயரைச் சொல்லி அல்லது கார்டைக் காட்டிவிட்டு விரல் வைத்தால், கருவி அந்த ஒருவரின் டெம்ப்ளேட்டோடு மட்டும் ஒப்பிடும். அப்போது அந்தக் கணக்கு அப்படியே நிற்கும். எதையும் சொல்லாமல் விரலை மட்டும் வைத்து, "நான் யார் என்று நீயே கண்டுபிடி" என்று விட்டால், பணியாளர் 5,000 பேரின் டெம்ப்ளேட்டுகளோடும் அது ஒப்பிட்டாக வேண்டும். சம்பந்தமே இல்லாத ஒருவர் விரல் வைத்தாலும், அந்த 5,000 பேரில் யாரோ ஒருவரோடு பொருந்திப்போக ஏறத்தாழ 39 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கருவி அதேதான், விரலும் அதேதான். கேட்ட கேள்வி மாறியதால் பாதுகாப்பு கரைந்துவிட்டது. "விரலை மட்டும் வைத்தால் போதும்" என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்லும்போது, எத்தனை பேரோடு ஒப்பிடுகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கைகழுவும் தொழிலும் கைரேகையும்

கைரேகைக் கருவிக்கு மருத்துவமனையைவிடக் கடினமான வேலையிடம் அதிகம் இல்லை. நோயாளியைத் தொடுமுன், தொட்டபின், அவருடைய படுக்கையைத் தொட்டபின் என்று உலக சுகாதார நிறுவனம் கைகழுவ வகுத்திருக்கும் தருணங்கள் ஐந்து. ஒரு ஷிஃப்டில் அந்தத் தருணங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஆல்கஹால் கலந்த சானிடைசர் தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். சில மாதங்களில் விரல் நுனி உலர்ந்து, வெடித்து, மேடு பள்ளம் மங்கிப்போகலாம்.

ஒரு செவிலியர் மருந்து அலமாரியின் முன் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். இப்போதுதான் சானிடைசர் தடவியிருக்கிறார். விரல் வைக்கிறார், சிவப்பு விளக்கு. சீருடையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், சிவப்பு. விரல் நுனியை வாயருகே கொண்டுபோய் ஊதி, நெற்றியில் ஒரு தடவு தடவி, கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு வைக்கிறார், பச்சை. அலமாரி திறந்தது. ஆனால் கைகழுவியதன் பலன் போயிற்று. தொற்றைத் தடுக்க ஒரு விதி, தகவலைக் காக்க ஒரு விதி. இரண்டும் ஒரே விரல் நுனியில் மோதுகின்றன. கையுறை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், கழற்றிவிட்டு வைத்து, மறுபடி புதிதாக ஒன்று மாட்ட வேண்டும். அத்தனை பேரும் தொடும் அந்தக் கண்ணாடித் தகட்டை யார், எப்போது துடைக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

அப்படியானால் முகம்? கோவிட் அதற்கும் பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் தரநிலைகளுக்கான தேசிய நிறுவனமான நிஸ்ட், 2020 ஜூலையில் 89 முக அடையாள மென்பொருள்களைச் சோதித்தது. எல்லாம் பெருந்தொற்றுக்கு முன்பு எழுதியவை. முகக்கவசம் இல்லாதபோது உரியவரை மறுக்கும் பிழை மிகச் சிறந்தவற்றில் ஏறத்தாழ 0.3 விழுக்காடு. கவசம் போட்டதும் அது 5 விழுக்காடானது. நன்றாக இயங்கிவந்த வேறு பல மென்பொருள்களில் 20 முதல் 50 வரை போயிற்று. அதன்பின் எழுதியவை கண்ணையும் புருவத்தையும் கொண்டே ஆளை அடையாளம் காண்பதில் தேறியிருக்கின்றன என்பது உண்மை. அதே நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட இன்னோர் அறிக்கையை நான் அதிகம் முக்கியமாக நினைக்கிறேன். 189 மென்பொருள்களைச் சோதித்ததில், பலவற்றில் ஆசிய, ஆப்பிரிக்க அமெரிக்க முகங்களைத் தவறாக ஏற்கும் பிழை, வெள்ளையர் முகங்களோடு ஒப்பிட்டால் 10 முதல் 100 மடங்குவரை கூடுதலாக இருந்தது. ஒரு மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் எந்த நிறத்தவர்களோ அந்த நிறத்தவர்களை வைத்துச் சோதிக்காத கருவியை அங்கே மாட்டக் கூடாது.

உள்ளங்கை நரம்பைப் படிக்கும் முறை மருத்துவமனைக்கு ஓரளவு ஒத்துவரும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால், தோலுக்கு அடியில் ஓடும் நரம்புகள் கேமராவில் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். தொட வேண்டியதில்லை, கையை மேலே காட்டினால் போதும். தோல் வெடித்திருந்தாலும் பரவாயில்லை. கருவிழி இன்னும் துல்லியமானது, கவசமும் கையுறையும் அதைத் தடுக்காது. ஆனால் கேமராவுக்கு நேராகக் கண்ணைக் காட்டி நிற்க வேண்டும்; அவசரத்தில் இருப்பவருக்கு அதுவும் ஒரு வேலைதான்.

ரேகையே இல்லாமல் போகிறவர்களும் உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிட்டபின் என்ற மருந்து சிலருக்கு உள்ளங்கையையும் பாதத்தையும் சிவந்து உரிய வைக்கும், ரேகை அழிந்துவிடும். அந்த மருந்தை நீண்ட காலம் எடுத்துவந்த 62 வயது சிங்கப்பூர் நோயாளி ஒருவரை, 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள், கைரேகை பதியவில்லை என்பதற்காக. மறு ஆண்டு அவருடைய மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் பலருக்கும் விஷயம் தெரிந்தது. நோயாளியின் விரலை வைத்து அடையாளம் காண நினைக்கும் மருத்துவமனை இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாம் கொடுக்கும் மருந்தே நாம் கேட்கும் அடையாளத்தை அழிக்கலாம்.

நோயாளிகளை அடையாளம் காண்பது தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம். இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு பொது மருத்துவமனை அமைப்பின் பதிவேட்டில் மரியா கார்சியா என்ற ஒரே பெயரில் 2,488 பேர் இருந்தார்கள். அவர்களில் 231 பேருக்குப் பிறந்த தேதியும் ஒன்று. ஒருவருடைய ரத்த வகையும் ஒவ்வாமையும் இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. உள்ளங்கை நரம்பை அங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் அதுதான்.

ரகசியம் இல்லாத சாவி

கடவுச்சொல் நம் மனதுக்குள் இருக்கிறது. விரல் ரேகை நாம் தொட்ட கதவுப்பிடியில், தம்ளரில், கைப்பேசித் திரையில் எல்லாம் இருக்கிறது. முகத்தைத் தெருவெங்கும் காட்டிக்கொண்டுதான் போகிறோம். ஆக, பயோமெட்ரிக் ஒரு ரகசியமே இல்லை. இதை மறந்தவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.

2002இல் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுடோமு மாட்சுமோட்டோ, ஜெலட்டினில் வார்த்த போலி விரல்களைக் கொண்டு 11 கைரேகைக் கருவிகளைச் சோதித்தார். அவை அத்தனையும் அந்த விரல்களை ஏற்றுக்கொண்டன. 2014இல் ஜெர்மனியின் ஹேக்கர் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்த யான் கிரிஸ்லர், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபான் டெர் லேயனின் பெருவிரல் ரேகையை, அவரைத் தொலைவிலிருந்து எடுத்த புகைப்படங்களைக் கொண்டே மீட்டுருவாக்கிக் காட்டினார். நரம்புக் கருவி மட்டும் தப்பியதா என்றால் அதுவும் இல்லை. 2018இல் மெழுகில் செய்த கையை வைத்து அதையும் ஏமாற்றிக் காட்டினார்கள்.

மருத்துவத் துறைக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. 2013 மார்ச்சில் பிரேசிலின் சாவோ பாவ்லோவுக்கு அருகே ஃபெராஸ் தி வாஸ்கொன்செலோஸ் என்ற ஊரில் மருத்துவர் ஒருவர் பிடிபட்டார். கையில் ஆறு சிலிக்கோன் விரல்கள். வேலைக்கு வராத சக பணியாளர்களின் விரல்களாக அவற்றை வைத்து வருகைப் பதிவு செய்துவந்தார். இந்தச் சம்பவத்தில் என்னை யோசிக்க வைப்பது தொழில்நுட்பத்தின் தோல்வி இல்லை. அந்த விரல்களை வார்க்க உரியவர்களே தங்கள் விரலைக் கொடுத்திருக்க வேண்டும். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதன் அடுத்த வடிவம் இது. இரவல் கொடுக்கும் பழக்கம் எந்தக் காரணத்தால் வந்ததோ அந்தக் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால், மனிதர்கள் விரலையும் இரவல் கொடுப்பார்கள்.

உயிருள்ள விரலா, வார்த்த விரலா என்று பிரித்தறியும் சோதனைகள் இப்போது வந்துவிட்டன. ஐஎஸ்ஓ 30107 என்ற தரநிலையே அதற்காக இருக்கிறது. வாங்கும்போது அந்தச் சோதனையில் தேறியதா என்று கேட்பது அடிப்படை.

திருட்டுப் போனால் என்ன செய்வது என்பது இதைவிடப் பெரிய கவலை. கடவுச்சொல் கசிந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவு போயின. அவர்கள் யாருக்கும் புது விரல் கொடுக்க முடியாது. மருத்துவமனையின் மைய சர்வரில் எல்லாப் பணியாளர்களின் ரேகையையும் குவித்து வைப்பது, திருடன் வந்து எடுத்துப்போக ஒரே இடத்தில் மூட்டை கட்டி வைப்பதற்குச் சமம்.

இதற்கு நல்ல மாற்று வந்திருக்கிறது. கடவுச்சொல் இல்லாமல் நுழைவதற்கான தரநிலைகளை உருவாக்கும் ஃபைடோ கூட்டமைப்பு வகுத்த முறையில், 2019 மார்ச்சில் இணையத் தரநிலையாகவும் ஆன வெப்ஆத்தன் வழியில், விரலும் முகமும் பணியாளரின் கைப்பேசியையோ சிறிய சாவிக் கருவியையோ விட்டு வெளியே போவதே இல்லை. கருவிக்குள் ஒரு கணித ரகசியச் சாவி இருக்கும். சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புதிரை அனுப்பும். உரியவர் விரல் வைத்தால் மட்டுமே, கருவி அந்தச் சாவியால் புதிருக்குக் கையொப்பமிட்டு அனுப்பும். சர்வரில் இருப்பது அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும். அதைத் திருடி ஒன்றும் செய்ய முடியாது. போலி இணையதளத்தில் ஏமாந்து விரல் வைத்தாலும் கையொப்பம் அங்கே செல்லுபடியாகாது. நிஸ்ட் 2017இல் வெளியிட்ட அடையாள வழிகாட்டி நெறியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: பயோமெட்ரிக்கைத் தனியாக நம்பாதே, கையில் இருக்கும் ஒரு பொருளோடு சேர்த்தே பயன்படுத்து.

இந்த இரண்டாவது பூட்டு இல்லாததன் விலையை 2024 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுப் பரிமாற்றங்களை நடத்தும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்குள், திருடிய ஒரு கடவுச்சொல்லை வைத்து பிப்ரவரி 12 அன்று ஹேக்கர்கள் நுழைந்தார்கள். வெளியிலிருந்து உள்ளே வர வைத்திருந்த அந்த நுழைவாயிலில் இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. ஒன்பது நாள் உள்ளேயே உலவி, 21ஆம் தேதி எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். மருந்துக் கடைகளில் காப்பீட்டைச் சரிபார்க்க முடியாமல் நோயாளிகள் தவித்தார்கள். 2.2 கோடி டாலர் பிணைத்தொகை கொடுத்தும் தகவல்கள் மீளவில்லை. பாதிக்கப்பட்டோர் சுமார் 19 கோடி பேர். தாய் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஆண்ட்ரூ விட்டி, அந்த வாயிலில் இரண்டாம் சரிபார்ப்பு இல்லை என்பதை நாடாளுமன்றக் குழு முன்பு ஒப்புக்கொண்டார். கருவியோடு கட்டிய ஒரு விரல் அங்கே கேட்கப்பட்டிருந்தால், திருடிய கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கிடந்திருக்கும்.

விரல் எட்டாத இடங்கள்

அதே நேரத்தில் எல்லாத் திருட்டும் முன்வாசல் வழியாக நடப்பதில்லை. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் நோயாளிகள், தங்கள் மனத்தை மருத்துவரிடம் திறந்து பேசியதெல்லாம் எழுதிய குறிப்புகள் களவு போய், 2020இல் அதை வைத்து ஆயிரக்கணக்கானோரை ஒருவன் தனித்தனியாக மிரட்டினான். அங்கே தகவல் கிடங்கே சரியாகப் பூட்டாமல் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தது. வார்டு கணினிகளில் எத்தனை கருவிழிக் கேமரா வைத்திருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. போர்ச்சுகலின் பரேய்ரோ மருத்துவமனைக்கு 2018இல் 4 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். அங்கே வேலை பார்த்த மருத்துவர்கள் 296 பேர். மருத்துவர் என்ற தகுதியோடு திறந்திருந்த கணக்குகள் 985. போனவர்களின் கணக்கை மூடாமல், தேவையில்லாதவர்களுக்கு அனுமதி கொடுத்து வைத்திருக்கும் இடத்தில், கைரேகை என்ன காவல் காக்கும்?

உள்ளே இருப்பவரின் ஆர்வக்கோளாறு இன்னொன்று. நெதர்லாந்தில் ஹாகா மருத்துவமனையில் பிரபலமான ஒருவர் சேர்ந்தபோது, சிகிச்சையோடு சம்பந்தமே இல்லாத பணியாளர்கள் பல பத்துப் பேர் அவருடைய பதிவைத் திறந்து பார்த்தார்கள். 2019இல் அந்நாட்டுத் தனியுரிமை ஆணையம் 4,60,000 யூரோ அபராதம் விதித்தது. நீதிமன்றம் பிறகு அதை 3,50,000ஆகக் குறைத்தது. ஆணையம் சொன்ன குற்றம் இரண்டு: இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை, யார் எதைப் பார்க்கிறார்கள் என்ற பதிவேட்டை முறையாகச் சோதிக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னது சரியான தீர்ப்பு என்று நினைக்கிறேன். எட்டிப் பார்ப்பவரின் விரலும் உண்மையான விரல்தான், பூட்டு அவருக்கும் திறக்கும். ஆனால் "என் கணினியில் வேறு யாரோ பார்த்திருப்பார்கள்" என்ற பதில் அதன்பின் எடுபடாது. பதிவேட்டை வாரம்தோறும் எடுத்துப் படிக்க ஒரு ஆள் இருந்தால் மட்டுமே அந்த உண்மைக்கு மதிப்பு.

மருந்து அலமாரியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற மருந்துகளை யார் எடுத்தார், எத்தனை ஆம்பூல், எந்த நோயாளிக்கு என்பதில் ஒரு பொய் நுழைந்தால், வலியில் துடிக்கும் ஒருவருக்கு மருந்துக்குப் பதில் உப்பு நீர் போய்ச் சேரலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளுக்கு மின்னணு மருந்துச்சீட்டு எழுத 2010இல் வந்த விதி, மருத்துவர் இரண்டு வழிகளில் தன்னை நிரூபிக்க வேண்டும் என்கிறது. கடவுச்சொல், கையில் ஒரு கருவி, பயோமெட்ரிக் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டு. பயோமெட்ரிக்கைத் தேர்ந்தால் தவறாக ஏற்கும் பிழை ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்றும் வரம்பு கட்டியிருக்கிறது.

கருவி மறுக்கும் நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை வாங்கும் நாளிலேயே எழுதி வைத்தாக வேண்டும். இதயம் நின்றுபோன நோயாளியின் பக்கத்தில் ரத்தம் தோய்ந்த கையுறையோடு நிற்பவரிடம் யாரும் விரலைக் கேட்கக் கூடாது. கண்ணாடியை உடைத்து அவசரப் பொத்தானை அழுத்துவது போன்ற ஒரு வழி கணினியிலும் வேண்டும். யாரானாலும் திறக்கலாம், திறந்ததும் மேலதிகாரிக்குத் தகவல் போகும், மறுநாள் காரணம் எழுதித் தர வேண்டும். இந்த வழி நன்றாக இருந்தால் கப்பைக் கவிழ்த்து வைக்கும் வேலையே இருக்காது. மோசமாக இருந்தால் எல்லா நாளும் அவசர நாளாகிவிடும். ரேகை பதியாதவர்களுக்கும் இதேபோல் மதிப்புக் குறையாத மாற்று வேண்டும். கார்டும் பின் நம்பருமே போதும். தோல் நோயுள்ள ஒரு செவிலியரைத் தினமும் நான்கு பேர் முன்னிலையில் ஆறு முறை விரல் வைக்கச் செய்வது பாதுகாப்பு ஆகாது, அவமானம்தான்.

கடைசியாக, இது யாருடைய விரல் என்ற கேள்வி. நோயாளியின் தகவலைக் காக்க இத்தனை சட்டங்கள் இருக்க, அதைக் காப்பதற்காகத் தன் உடம்பின் அடையாளத்தைக் கொடுக்கும் பணியாளரைக் காப்பது யார்? 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய தகவல் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காணப் பயன்படும் பயோமெட்ரிக் தகவலைச் சிறப்புக் காப்புள்ள வகையில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008 முதலே கடுமையான பயோமெட்ரிக் சட்டம் உண்டு. எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் யாருடைய ரேகையையும் எடுக்க முடியாது. அந்தச் சட்டத்தை நம்பி, மருந்து அலமாரியைத் திறக்கத் தங்கள் கைரேகையை எடுத்ததற்கு எதிராகச் செவிலியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 நவம்பர் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றம், சிகிச்சை தொடர்பான பணிக்காக எடுக்கும் பணியாளர் ரேகை அந்தச் சட்டத்தின் காப்புக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் அந்த வாசிப்புக்கு இடம் இருக்கலாம். ஆனால் அந்தச் செவிலியர்கள் எழுப்பிய கேள்விகள் அப்படியே நிற்கின்றன: என் ரேகை எங்கே இருக்கிறது, அலமாரியைச் செய்து விற்ற நிறுவனத்திடமும் அது போகிறதா, நான் வேலையை விட்டுப் போகும் நாளில் அதை அழிப்பீர்களா? புதிதாக விரல் பதியச் சொல்லும் எந்த மருத்துவமனையும், இந்த மூன்றுக்கும் பதிலை அந்தப் படிவத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்.